தேதி தெரியாத செலவுகள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: “திடீர்ச் செலவு வந்தால் உங்கள் வீட்டில் முதலில் கை எங்கே போகிறது?” வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அடகுக்கடைக்குத்தான் போகிறது. சிலருக்குத் தம்பி வீட்டுக்கு, சிலருக்குப் பக்கத்து வீட்டுக்கு. ஒருவர் மட்டும் “அரிசிப் பானைக்கு” என்று எழுதியிருந்தார். அவரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. 1986இல் தபால் ஆபீஸில் சேர்ந்து 2019இல் ஓய்வு பெற்றேன். கும்பகோணம் சுற்று வட்டாரத்தில் கவுன்டரில் உட்கார்ந்து, மற்றவர்கள் பணம் போடுவதையும் எடுப்பதையும் பார்த்தவள், அவ்வளவுதான். போடும்போது இருக்கும் முகமும் எடுக்கும்போது இருக்கும் முகமும் வேறு வேறு.

சரி, கடிதங்களுக்கு வருவோம்.

“நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். அவர் டெய்லர், நான் செக்கிங். சனிக்கிழமை சம்பளம். வேலை இருக்கும் வாரம் இருவருக்கும் சேர்த்து 8,000 வரும். ஆர்டர் இல்லாவிட்டால் 4,000கூட வராது. ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது, என் செயின் அடகுக்கடையில்தான் குடியிருக்கிறது. இப்போது அதன் மேல் 30,000 கடன், நூற்றுக்கு இரண்டு வட்டி. போன வருஷம் எதிர்பாராமல் வந்த செலவுகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் எப்படி அக்கா சேமிப்பது?” (ஒரு வாசகி, திருப்பூர்)

தங்கச்சி, உங்கள் தனித்தாளுக்காகவே இந்தப் பதிலை முதலில் எழுதுகிறேன். கேள்வி அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் பெருமூச்சைத்தான் அனுப்புவார்கள். நீங்கள் கணக்கை அனுப்பியிருக்கிறீர்கள்.

தாளில் இருப்பது இது. ஜூனில் பள்ளிக் கட்டணம், நோட்டு, ஷூ எல்லாம் சேர்த்து 14,000. தீபாவளி 12,000. நாத்தனார் மகள் காதுகுத்துக்குச் சீர் 10,000. வண்டிக்கு இன்சூரன்ஸும் பின் டயரும் 4,300. மாமியார் கண் ஆபரேஷனுக்கு ஊருக்குப் போய்வந்தது 5,500. மிக்ஸி 3,200. பையனுக்குக் காய்ச்சல் 2,600. மொத்தம் 51,600.

இதில் எதிர்பாராதது எது என்று ஒரு பேனாவை எடுத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். ஜூன் மாதம் வருஷா வருஷம் வருகிறது. தீபாவளி காலண்டரில் இருக்கிறது. காதுகுத்துக்கு இரண்டு மாதம் முன்பே வந்து அழைத்திருப்பார்கள். வண்டியின் இன்சூரன்ஸ் முடியும் தேதி இன்சூரன்ஸ் தாளிலேயே அச்சடித்திருக்கிறது, டயர் தேய்வதையும் தினமும் பார்த்துக்கொண்டுதான் ஏறியிருப்பீர்கள். இவை நான்கும் சேர்ந்து 40,300. மிச்சமிருக்கும் மிக்ஸி, காய்ச்சல், கண் ஆபரேஷன் மூன்றும்தான் சொல்லாமல் வந்தவை. 11,300. உங்களை அடகுக்கடைக்கு அனுப்பியது பெரும்பாலும் சொல்லிவிட்டு வந்த செலவுதான்.

வருஷத்தில் 40 வாரம் நல்ல வேலை, 12 வாரம் மந்தம் என்று வைத்துக்கொள்வோம். மந்தமான வாரத்தில் ஒரு ரூபாயும் எடுத்து வைக்க வேண்டாம். நல்ல வாரத்தில் 1,300 எடுத்து வைத்தால் வருஷத்துக்கு 52,000, உங்கள் தாளில் இருக்கும் அத்தனையும் அடங்கிவிடும்.

“8,000 ரூபாயில் 1,300ஆ?” என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. முதல் வருஷமே வேண்டாம். ஆனால் இதையும் பாருங்கள். அந்த 51,600இல் 30,000 அடகாக நிற்கிறது என்றால், மீதி 21,600ஐ எங்கிருந்தோ கொடுத்துத்தானே இருக்கிறீர்கள்? 40 வாரத்துக்குப் பங்கு போட்டால் வாரம் 540. இந்த 540 ஏற்கெனவே உங்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும் பணம். செலவு வந்த பிறகு பதறிப்போய்க் கொடுத்ததை, வருவதற்கு முன்பே எடுத்து வைக்கச் சொல்கிறேன். 550இல் தொடங்குங்கள்.

சனிக்கிழமை ராத்திரி சம்பளக் கவர் வீட்டுக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கும் சந்தைக்கும் முன்னால் எடுத்து வைத்துவிடுங்கள். திங்கட்கிழமை மிச்சம் இருப்பதை எடுத்து வைக்கலாம் என்று நினைத்தால் திங்கட்கிழமை மிச்சம் இருக்காது. இது உங்கள் குற்றம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையின் குணம் அது.

நான்கு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியாக இருந்தால் நல்லது, உள்ளே இருப்பது தெரியும். மூடியில் ‘சேமிப்பு’ என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லுக்கு யாரும் மரியாதை கொடுப்பதில்லை. ‘ஜூன் நோட்டு’, ‘வண்டி’, ‘சீர்–தீபாவளி’, ‘மருந்து–ரிப்பேர்’ என்று எழுதி ஒட்டுங்கள். முதலில் மருந்து பாட்டிலில் 2,000 சேரும் வரை மற்றவற்றைத் தொட வேண்டாம். அதற்கப்புறம் எந்தச் செலவு பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பாட்டில். ஒரு பாட்டிலில் 2,000 தாண்டியதும் அதைக் கணக்கில் போட்டுவிடுங்கள். லைன் வீட்டில் கண்ணாடி பாட்டிலில் நிறைய பணம் இருப்பது நல்லதில்லை.

அப்புறம் அந்தச் செயின். மாதம் 600 வட்டி, வருஷத்துக்கு 7,200. இரண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வட்டி அதில் பாதிகூட வராது. அங்கே மாற்றி வையுங்கள். தீபாவளிக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டால் தீபாவளி போனஸ் கையில் மிஞ்சும். அதை அப்படியே செயினுக்குப் போடுங்கள். செயின் கழுத்துக்கு வந்த மாதத்திலிருந்து வட்டிக்குப் போன பணத்தை ஐந்தாவது பாட்டிலில் போடுங்கள். அதன் மூடியில் ‘ஆர்டர் இல்லாத வாரம்’ என்று எழுதுங்கள். உங்கள் ஊரில் அந்தப் பாட்டில் இல்லாமல் முடியாது.

“பணம் எல்லாம் ஒன்றுதானே? ஒரே கணக்கில் வைத்துக்கொண்டு எதற்கு எவ்வளவு என்று எக்ஸெல்லில் எழுதினால் போதாதா? டப்பா டப்பாவாகப் பிரிப்பது பழைய காலத்துப் பழக்கம் இல்லையா?” (ஒரு வாசகர், சென்னை)

பழைய காலத்துப் பழக்கம்தான் சார். நானும் உங்களைப் போல் ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று இருந்தவள். அதனால் ஒரு கதை சொல்கிறேன்.

1994. எங்கள் வீட்டில் ஒரே பாஸ்புக். அதில் 6,200 ரூபாய். என் சம்பளம் அப்போது 2,500ஐத் தொடவில்லை, ஆகவே அது பெரிய தொகை. புரட்டாசியில் கணவர், “பணம்தான் இருக்கிறதே” என்று 3,400க்கு ஒரு கிரைண்டர் வாங்கினார். நானும் சந்தோஷமாகத்தான் மாவு ஆட்டினேன். ஐப்பசி மழையில் கொல்லைப்புறம் பாசி பிடித்து, மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

அரசு மருத்துவமனையில் 23 நாள். படுக்கைக்கும் ஆபரேஷனுக்கும் காசு கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆட்டோவுக்கு உண்டு. வெந்நீர் பிளாஸ்க், கஞ்சிக்குத் தூக்கு, ராத்திரி துணைக்கு இருப்பவருக்கு டிபன், பார்க்க வருகிறவர்களுக்குக் காபி. ஊரிலிருந்து பெரிய நாத்தனார் இரண்டு பிள்ளைகளோடு வந்து தங்கினார், அவர்களுக்குச் சாப்பாடு. வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு வாக்கர், கமோடு நாற்காலி. எல்லாம் சேர்ந்து 4,100. பாஸ்புக்கில் இருந்தது 2,800. கூட வேலை செய்தவரிடம் 1,300 கைமாற்று வாங்கினேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த 6,200ஐக் கணவர் கிரைண்டர் என்று நினைத்திருக்கிறார். நான் மார்கழியில் கட்ட வேண்டிய இன்சூரன்ஸ் பிரீமியம் என்று நினைத்திருக்கிறேன். மாமியார், பேத்தியின் பூப்புனித நீராட்டுக்கு என்று நினைத்திருக்கிறார். ஒரே பணத்தை மூன்று பேர் மனசுக்குள் மூன்று தடவை செலவு செய்திருந்தோம். பாஸ்புக்கில் யாருடைய பெயரும் எழுதியிருக்கவில்லை, அதனால் எல்லாருக்கும் அது தன்னுடையதாகத் தெரிந்தது.

மறுமாதம் எவர்சில்வர் டப்பா ஐந்து வாங்கினேன். இன்றைக்கும் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் இப்போது கிராம்பு வைத்திருக்கிறேன்.

உங்கள் எக்ஸெல் தாளில் தப்பில்லை. ஆனால் அதை வீட்டில் இன்னொருவர் திறந்து பார்த்திருக்கிறாரா? இல்லையென்றால் அது உங்கள் மனசுக்குள் இருப்பதற்குச் சமம். இன்னொன்றும் உண்டு. உங்கள் கணக்கு யுபிஐயில் இணைந்திருக்கும். டீக்கடையில் ஸ்கேன் செய்யும்போது அந்த 12 ரூபாய் எந்த வரிசையிலிருந்து போகிறது என்று எக்ஸெல்லுக்குத் தெரியாது. குறைந்தது இரண்டு கணக்காவது வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று செலவுக்கு. இன்னொன்று போனில் எந்தச் செயலியிலும் இணைக்காதது, பணம் எடுக்க வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும். அந்தச் சிறு சிரமம்தான் இந்தக் காலத்து டப்பாவின் மூடி. தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு 500 ரூபாயில் தொடங்கலாம், 4 சதவீத வட்டி. வட்டிக்காகச் சொல்லவில்லை, வரிசையில் நிற்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மருத்துவச் செலவு பற்றி ஒரு வார்த்தை. இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. தகுதி உள்ளவர்கள் நோய் வரும் முன்பே அட்டை எடுத்து வையுங்கள். ஆனால் ஆட்டோவுக்கும் பிளாஸ்குக்கும் நாத்தனார் குடும்பத்தின் சாப்பாட்டுக்கும் எந்த அட்டையும் கிடையாது. டப்பா அதற்குத்தான்.

“எத்தனை டப்பா வைக்கலாம்?” (ஒரு வாசகி, மன்னார்குடி)

ஐந்து. அதற்கு மேல் போனால் எது எது என்று எழுதி வைக்கவே ஒரு டப்பா வேண்டும். (அஞ்சறைப் பெட்டி என்று பெயர், என் வீட்டுப் பெட்டியில் கிண்ணம் ஏழு. ஏழாவதில் எப்போதும் உடைந்த மிளகாய்தான் இருக்கிறது.)

“ஆறு மாதச் செலவுக்கான பணம் அவசர நிதியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். என் சம்பளம் 19,000. ஆறு மாதச் செலவு என்றால் லட்சத்தைத் தாண்டுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்து, விட்டுவிட்டேன்.” (ஒரு வாசகர், கோவில்பட்டி)

அந்த ஆறு மாதக் கணக்கு தப்பில்லை, ஆனால் அதை முதல் படியாகச் சொல்வது மலையடிவாரத்தில் நிற்பவருக்கு உச்சியைக் காட்டுவது போல. ஒரு மாத வாடகையும் ஒரு மாத அரிசி, பருப்பு, பாலும் எவ்வளவு? அதைச் சேருங்கள். சேர்ந்துவிட்டதென்றால் வேலை போனால்கூட ஒரு மாதம் வீட்டுக்காரருக்கு நேராக நடக்கலாம். அடுத்ததை அப்புறம் பார்க்கலாம்.

கூடவே கரண்ட் பில்லைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள், “ஒரு மாதம் நன்றாக இருக்கிறது, அடுத்த மாதம் இடிக்கிறது” என்று. தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால் அப்படித் தெரிகிறது. பில் வராத மாதத்தில் பாதியை எடுத்து வைத்துவிட்டால் இடிக்காது. முதல் 100 யூனிட் இலவசம் என்பது தெரிந்ததே. 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஏப்ரல், மே மாதங்களில் நடுவில் ஒரு தடவை மீட்டரைப் போய்ப் பாருங்கள். சொந்த வீடு இருப்பவர்கள் சொத்து வரியையும் ஒரு டப்பாவில் வையுங்கள். அரையாண்டு தொடங்கிய முதல் மாதமான ஏப்ரலிலோ அக்டோபரிலோ கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிக்கிறார்கள். பணம் தயாராக இருப்பவருக்குத்தான் அந்தக் கழிவு.

“எங்கள் பக்கம் செய்முறைதான் (விசேஷ வீட்டுக்குச் செய்யும் மொய், சீர்) பெரிய செலவு. வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே நாளில் மூன்று பத்திரிகை வருகிறது. போகாமலும் இருக்க முடியாது. மாதச் சம்பளத்தில் பாதி மொய்யிலேயே போய்விடுகிறது.” (ஒரு வாசகர், உசிலம்பட்டி)

இதைத் திடீர்ச் செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு மொய் நோட்டு அப்படிச் சொல்லவில்லை. உங்கள் கல்யாணத்தில், வீடு குடிபுகுந்ததில், பிள்ளைக்குக் காது குத்தியதில் யார் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று அதில் இருக்கிறது அல்லவா? அது வாங்கிய கடனின் பட்டியல். திருப்பித் தரும் தேதி மட்டும் எழுதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் பெரியவர்கள் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத்தான் தெரியும், எந்த வீட்டில் பெண் காலேஜ் முடிக்கிறாள், எந்த வீட்டில் வீடு கட்டி மேல்தளம் போட்டாயிற்று என்று. இரண்டு வருஷத்துக்குள் வரக்கூடிய விசேஷங்களுக்கு நேராக ஒரு புள்ளி வையுங்கள். 28 புள்ளி வந்தது, சராசரி 1,000 என்றால் 28,000. இரண்டு வருஷத்துக்கு 24 மாதம், மாதம் ஏறக்குறைய 1,170. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கொஞ்சம் கூடுதலாகப் போடலாம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் ஆடியில் மொய் விருந்தே வைத்து மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். உங்கள் ஊரில் அந்த வழக்கம் இல்லாவிட்டாலும் ஆடி மாதம் ஓய்வு கொடுக்கிறதே.

தாய்மாமன் சீரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனி டப்பா. தங்கைக்கு மகள் இருந்தால் இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும். அவளுக்கு இப்போது என்ன வயது என்று எழுதவில்லையே.

“ஏலச்சீட்டு ஒன்று, நகைச்சீட்டு ஒன்று போடுகிறேன். இதுவே அவசரத்துக்கு உதவாதா? தனியாக வேறு சேர்க்க வேண்டுமா?” (ஒரு வாசகி, ஆத்தூர்)

இரண்டும் வேறு வேறு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நகைச்சீட்டு பெரும்பாலும் 11 மாதம். நகைக்கடை வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாக நேர் செய்ய வேண்டும் என்று விதி இருப்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். முடிவில் நகைதான் கையில் வரும், ரூபாய் வராது. நடுராத்திரியில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் அந்த அட்டையைக் காட்டி மாத்திரை வாங்க முடியாது. மகளுக்கு வளையல் வேண்டுமென்றால் போடுங்கள், அவசரத்துக்கு என்று எண்ணாதீர்கள்.

ஏலச்சீட்டில் பணம் வரும், ஆனால் விலை உண்டு. 20 பேர், ஆளுக்கு 5,000, ஒரு லட்சம் சீட்டு. நான்காம் மாதம் உங்களுக்கு அவசரம் என்றால் ஏலத்தில் தள்ளி, அதாவது இவ்வளவை விட்டுக்கொடுக்கிறேன் என்று கேட்டு, எடுக்க வேண்டும். அதே மாதம் இன்னொருவருக்கும் அவசரமாக இருந்தால் தள்ளு ஏறும். 25,000 தள்ளினால் கையில் 75,000. அவசரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தள்ளு. ஆகவே தெரிந்த பெரிய செலவுக்குச் சீட்டு நல்லது, தெரியாத சின்னச் செலவுக்கு டப்பாதான். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்திருக்க வேண்டும், நடத்துகிறவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவான ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால், வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. 1998இல் எங்கள் தெருவில் ஒருவர் தீபாவளிச் சீட்டு நடத்தினார். மாதம் 150. எவர்சில்வர் குடம், இரண்டு கிலோ ஸ்வீட், ஒரு பெட்டி பட்டாசு என்று சொல்லியிருந்தார். நாள் முழுக்கத் தபால் ஆபீஸில் மற்றவர்களுக்கு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வந்து இவரிடம் 150 கட்டினேன். பத்து மாதம் கட்டினேன். புரட்டாசி முடியும் முன் ஒரு நாள் காலையில் அவர் வீட்டு வாசலில் கோலம் இல்லை. எட்டிப் பார்த்தால் பூட்டு. குடம் போனதுகூடப் பரவாயில்லை, என் கணவர் மூன்று தீபாவளிக்கு இதைச் சொல்லிச் சிரித்தார்.

ஆர்.டி. பற்றிச் சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். தபால் ஆபீஸ் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், காலம் 5 வருஷம். தவணை தவறினால் 100 ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். 12 தவணை கட்டிய பிறகு கணக்கில் இருப்பதில் பாதி வரை கடன் எடுக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன் முடிக்க முடியாது. ஆகவே இதுவும் நாளைக்கான பெட்டி, இன்றைக்கானது இல்லை. வீட்டுக்கு வந்து வாங்கும் மகளிர் முகவரிடம் கட்டுகிறவர்கள் அட்டையில் கையெழுத்து வாங்குவதோடு நிற்காமல், அவ்வப்போது பாஸ்புக்கை வாங்கிப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் நேர்மையானவர்கள்தான். பார்ப்பது அவர்களுக்கும் நல்லது.

“என்னிடம் சிறுவாட்டுப் பணம் கொஞ்சம் இருக்கிறது. கணவருக்குத் தெரியாது. தெரிந்தால் செலவாகிவிடும். சொல்லத்தான் வேண்டுமா?” (பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவர்)

2016 நவம்பரில் பழைய 500, 1,000 செல்லாது என்று அறிவித்த மறுவாரம், எங்கள் கவுன்டர் முன் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அந்த வாரம் தமிழ்நாட்டின் சிறுவாடு முழுக்க வெளியே வந்தது என்றே சொல்வேன். ஒவ்வொரு நோட்டிலும் ஒரு வாசனை. கடுகு, நாப்தலின் உருண்டை, வெற்றிலை.

எழுபது வயது இருக்கும் ஓர் அம்மா வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த 500 ரூபாய் நோட்டுகளைத் தந்தார். பெருங்காய வாசனை. எங்களிடம் எண்ணும் மெஷின் இருந்தது, ஆனால் அதில் போட்டால் வெளிப்பக்கம் சிவப்பாக எண்ணிக்கை தெரியும். அவர் லேசாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, “அவர் பின்னாடிதான் நிக்கிறார், சத்தம் போடாம எண்ணும்மா” என்றார். கையாலேயே எண்ணினேன். 23 நோட்டு, 11,500. சலானை நானே எழுதிக் கொடுத்தேன். பின்னால் நின்ற பெரியவர் முறை வந்ததும் அவரும் சட்டையின் உள்பையிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். அவர் வீட்டம்மா வாசலுக்குப் போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டுதான் எடுத்தார்.

பழைய நோட்டு வாங்கும் கடைசி நாளான டிசம்பர் 30க்குப் பிறகும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கொண்டுவந்தது அவருடைய அம்மா இறந்த பிறகு அரிசிப் பானையின் அடியில் கிடைத்தது. வாங்க எனக்கு அதிகாரம் இல்லை. அவர் அந்த நோட்டுகளை அதே துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போனார்.

ஆகவே உங்களுக்கு என் பதில்: தொகையைச் சொல்ல வேண்டாம். எத்தனையோ வீடுகள் அந்தப் பணத்தால்தான் நின்றிருக்கின்றன. ஆனால் அதைப் பருப்பு டப்பாவிலிருந்து எடுத்து உங்கள் ஒருவர் பெயரில் கணக்கில் போடுங்கள். நாமினி எழுதுங்கள். பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று ஒரே ஒருவரிடம் சொல்லி வையுங்கள். மகளிடமோ, அம்மாவிடமோ, தங்கையிடமோ. கணவருக்கும் எங்கேயாவது ஒரு கட்டு இருக்கலாம், அதையும் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

“நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். சைக்கிளுக்காக உண்டியலில் 870 ரூபாய் சேர்த்தேன். கேஸ் சிலிண்டர் வந்தபோது அம்மா அதிலிருந்து 340 எடுத்துக்கொண்டார். ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்றார். நான்கு வாரம் ஆகிவிட்டது. கேட்டால் ‘உனக்குச் சோறு போடுவது யார்’ என்கிறார். என்ன செய்வது பாட்டி?” (ஒரு மாணவன், விருத்தாசலம்)

கண்ணா, உன் அம்மாவுக்கு ‘சிலிண்டர்’ என்று ஒரு டப்பா இல்லை. அதனால் உன்னுடையது அந்த வேலையைச் செய்தது. இந்த இதழை அம்மா கண்ணில் படும்படி, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில், முதல் கேள்வி தெரியும்படி மடித்து வை.

ஒரு துண்டுத் தாளில் ‘உண்டியலில் இருந்து எடுத்தது 340’ என்று எழுதித் தேதி போட்டு, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி உண்டியலுக்குள்ளேயே போட்டு வை. என் டப்பாக்களிலும் அப்படித்தான். நானே எடுத்தாலும் சீட்டு எழுதிப் போடாமல் எடுக்க மாட்டேன். வட்டி கேட்காதே, அம்மாவிடம் வட்டி கேட்கக் கூடாது. மாதம் 100 என்று தவணை கேட்கலாம்.

உனக்கு 10 வயது தாண்டிவிட்டதால் தபால் ஆபீஸில் உன் பெயரிலேயே கணக்கு தொடங்கி நீயே பணம் போட்டு எடுக்கலாம். மிச்சம் இருக்கும் 530ஐ அங்கே போடு. 500 இருந்தால் கணக்குத் திறக்கும், உன்னிடம் 30 அதிகமாகவே இருக்கிறது. பாஸ்புக்கில் உன் பெயர் சரியாக இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிட்டு வா. எனக்கு அப்புறம் அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சின்ன கையெழுத்து படிக்கப் பொறுமை இருக்குமோ என்னவோ.

அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதல் 100 வரவில்லை என்றால் மறுபடி எழுது. அந்தப் பதிலை உன் அம்மாவுக்கே போடுகிறேன்.